எத்தனை நாளைக்கு? – கைமருந்து கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. இதற்கு என்ன சாப்பிடலாம், அதற்கு எந்த இலை நல்லது என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

மதுரை கீழமாசி வீதியில் தேர்முட்டிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். பொட்டலம் மடித்து நூல் சுற்றி முடித்ததும், காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அதன் மேல் ஒரு எண் எழுதுவார். 3 அல்லது 7 என்று இருக்கும். அபூர்வமாக 48, அதாவது ஒரு மண்டலம். விலை என்று நினைத்துச் சில்லறை எண்ணுகிறவர்களிடம், "காசு இல்லைய்யா, நாளு" என்பார். அதன் பிறகு அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் 31 வருஷம் மருந்தாளுநராக இருந்தேன். அங்கும் சீட்டில் நான் முதலில் தேடியது அந்த எண்ணைத்தான். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அக்கா, என் பேரனுக்கு மூன்று மாதம். தலைக்குக் குளிப்பாட்டும் நாளில் உரைமருந்து கொடுக்கலாம் என்றால் மருமகள் ஒரேயடியாக மறுக்கிறாள். என் நான்கு பிள்ளைகளும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள். நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். – ஒரு பாட்டி, மேலூர்

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் மருமகள் பக்கம்தான் பேசப்போகிறேன்.

உங்கள் வீட்டு உரைகல் எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். நடுவில் லேசாகக் குழிந்திருக்கும், எத்தனை கழுவினாலும் போகாத பழுப்புக் கறை ஒன்று படிந்திருக்கும். சுட்ட வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாவற்றையும் தாய்ப்பால் விட்டு இரண்டு உரை, மூன்று உரை உரைத்து, வழித்துச் சங்கில் ஊற்றிப் புகட்டுவோம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். ஆனால் 'இரண்டு உரை' என்பது ஓர் அளவா? என் அம்மா உரைத்தால் கல் நனைந்ததுபோல இருக்கும். என் பெரியம்மா உரைத்தால் சந்தனம் மாதிரி திரண்டு நிற்கும். இரண்டும் ஒரே குழந்தைக்குத்தான் போனது.

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு பெயர். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் 'பேர் சொல்லாதது கொடுங்க' என்று கடையில் கேட்பார்கள். அவ்வளவு மரியாதை! ஆனால் அதில் ஆசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி உண்டானது தெரிந்து, அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கம் தரும். குழந்தை நாலு மணி நேரம் அசையாமல் தூங்கும்போது 'மருந்து பிடித்துவிட்டது' என்று நாம் சந்தோஷப்பட்டோமே, அந்தத் தூக்கத்தில் பாதி இந்த மயக்கமாக இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூடத் தேவையில்லை. தேன் தொட்டு நாக்கில் வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு விடும், குழந்தை கைகால் தளர்ந்து போய்விடும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. அப்புறம், தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஒரு சங்குப் பால் இவ்வளவு என்று விலை சொல்லி வருகிறவரைக் கண்டால் கதவைச் சாத்திவிடுங்கள். காய்ச்சாத பால் அது.

வயிறு உப்பி அழுகிறான் என்றால், பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைத்து, மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவிக் கொடுங்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. உரைகல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருமகளுக்குத் தலைவலி வரும்போது அதில் சுக்கை உரைத்து நெற்றிக்குப் பற்றுப் போட்டுவிடுங்கள். அதற்கு அவள் மறுக்க மாட்டாள்.

கொரோனா காலத்தில் ஆரம்பித்த கபசுரக் குடிநீரை இன்னும் விடவில்லை. வாரம் மூன்று நாள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. காலையில் போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவேன், அவரவர் எடுத்துக் குடித்துக்கொள்வார்கள். சரிதானே அம்மா? – இல்லத்தரசி, தேனி

பிளாஸ்கைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

குடிநீருக்கு ஆயுசு ஒரு சாமம்தான், அதாவது மூன்று மணி நேரம். அதற்கு மேல் வைத்தால் வீரியம் போய்விடும் என்பது பழைய கணக்கு. சூரணம் என்றால் மூன்று மாதம் இருக்கும். போட்டவுடன் வெதுவெதுப்பாகக் குடிக்க முடிந்தால் மட்டும் போடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பொடி எப்படி இருக்கிறது? கபசுரக் குடிநீரில் சுக்கு, திப்பிலி, இலவங்கம், அக்கரகாரம், ஆடாதோடை, சீந்தில் என்று 15 சரக்கு. அதை ரவை மாதிரி ஒன்றிரண்டாக இடித்திருக்க வேண்டும். 2020-இல் என் தம்பியின் மருந்துக் கடையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றபோது, சீக்கிரம் கரையும் என்று மாவு போல அரைத்ததைத்தான் ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள். அதைக் காய்ச்சினால் கஷாயம் வராது, அடியில் சேறு தங்கும். அந்தச் சேற்றையும் சேர்த்துக் குடித்துவிட்டு வயிறு எரிகிறது என்று வந்தவர்கள் உண்டு. 5 கிராம் பொடி, ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 240 மில்லி. சிறு தீயில் கால் பங்காகச் சுண்டி 60 மில்லி வந்ததும் வடிகட்டணும். அது பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு.

எத்தனை நாள் என்பதுதான் விஷயம். கபசுரம் என்பதே கப சுரம், சளியோடு வரும் காய்ச்சலுக்கான மருந்து. காய்ச்சல் இல்லாத வீட்டில் வருஷக்கணக்காக எதற்கு? சுக்கும் திப்பிலியும் இலவங்கமும் தினமும் வயிற்றில் போனால் புண்ணுக்குக் கேட்க வேண்டுமா! கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதையும் நிலவேம்பையும் தொடவே கூடாது. நிலவேம்புக் குடிநீர் வேறு, அதில் 9 சரக்கு. 2012-இல் டெங்கு பரவியபோது அரசே ஊர் ஊராகக் கொடுத்தது அதுதான். இரண்டையும் ஒன்றாகக் கலந்து காய்ச்சுகிறேன் என்று போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன், கொஞ்சம் கடுமையாகவே.

கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்த்தால் நரைத்த முடி கறுக்குமா? – 34 வயது, சிவகாசி

கறுக்காது தம்பி. தலை குளிரும், முடி மினுமினுக்கும், தலையணை உறை மட்டும் பச்சையாகும்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று சொல்கிறார்களே. எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. ஆவாரம்பூத் தண்ணீரும் வெந்தயமும் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. உடம்பு கலகலப்பாக இருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். – ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்

ஐயா, நிறுத்திவிட்டீர்களா, இனிமேல்தானா? இனிமேல்தான் என்றால் நல்ல வேளை.

அந்தப் பழமொழி எனக்கும் பிடிக்கும். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தை மாதம் பஸ்ஸில் போனால் ஓடை ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலையோடும் சிறுபீளையோடும் சேர்த்துக் கட்டுவதும் அதைத்தான். நானும் பூவை நிழலில் உலர்த்தி வைத்துத் தேநீர் போடுகிறேன், ருசிக்காக. ஆனால் மூன்று வாரத்தில் வரும் கலகலப்பை வைத்துச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. சர்க்கரை ஏறி இருப்பது பல பேருக்கு உடம்பில் தெரியவே தெரியாது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் அது சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, ஹெச்பிஏ1சி, அதைத்தான் கேட்க வேண்டும்.

வெந்தயத்தில் உண்மையிலேயே விஷயம் இருக்கிறது. ஊறினால் கொழகொழவென்று வருகிறதே, அந்த நார்ச்சத்து சோற்றில் இருக்கும் சர்க்கரை ரத்தத்துக்குள் வேகமாக ஏறாமல் பிடித்து வைக்கும். ராத்திரி ஒரு தேக்கரண்டி ஊறப்போட்டு, காலையில் மென்று தின்று அந்தத் தண்ணீரைக் குடிப்பது போதும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரையோடு இதையும் நிறையச் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கிப்போகலாம். விரல் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பார்வை மங்கினால் யோசிக்காமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிடுங்கள். சட்டைப் பையில் நாலு மிட்டாய் கிடக்கட்டும்.

மாத்திரையைக் குறைப்பதென்றால் அதைக் கொடுத்த டாக்டர்தான் குறைக்க வேண்டும். அவரிடம் வெந்தயம், ஆவாரை இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து மறைக்கிறவர்கள்தான் அதிகம். உங்களிடம் படித்த பிள்ளையாகக்கூட இருக்கலாம், திட்ட மாட்டார்.

ஹாஸ்டலில் படிக்கும் என் மகனுக்கு (19 வயது) மஞ்சள் காமாலை. ஊரில் ஒருவர் மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, உப்பு, எண்ணெய் எதுவும் ஆகாது, ஊசி போட்டால் ஆபத்து என்று சொல்கிறார். ரத்தப் பரிசோதனை வேண்டுமா? – கவலையோடு ஒரு தாய், சிவகங்கை

வேண்டும். இதைப் படிக்கும்போது எடுக்கவில்லை என்றால், படித்து முடித்ததும் கிளம்புங்கள்.

காமாலை என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகத் தெரிவது ஓர் அடையாளம், அவ்வளவுதான். பின்னால் பத்துக் காரணம் இருக்கும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது கெட்ட தண்ணீர், சாப்பாடு வழியாகப் பரவும் ஏ வகை வைரஸ். அது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும். கீழாநெல்லி கொடுத்தாலும் வடியும், கையில் மந்திரித்துச் சுண்ணாம்புத் தண்ணீர் மஞ்சளாக மாறுவதைக் காட்டினாலும் வடியும். அதனால்தான் காமாலைக்கு மருந்து கொடுக்கிற எல்லோருக்கும் கைராசிக்காரர் என்று பெயர் வந்துவிடுகிறது. ஆனால் பி வகை, எலிக்காய்ச்சல், பித்தக்குழாயில் கல் அடைப்பது, மாத்திரையால் ஈரல் கெடுவது இவற்றிலும் கண் மஞ்சளாகும். இவை எதுவும் மூன்று நாள் உருண்டைக்காகக் காத்திருக்காது.

கீழாநெல்லியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பி வகை வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் புளூம்பெர்க், அதற்கு மருந்து தேடி வந்து நின்ற செடிகளில் இது ஒன்று. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் அவரோடு சேர்ந்து செய்த ஆய்வு 1988-இல் லான்செட் இதழில் வந்தது. உடம்பில் பி வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் பொடி தினம் மூன்று வேளை, 30 நாள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். அந்தச் செய்தி வந்த வருஷம் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கால் தரையில் பாவவில்லை. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதையும் சொன்னால்தான் நியாயம். ஒன்று கவனித்தீர்களா, அந்த ஆய்விலும் அளவும் நாளும் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

செடியே சரியானதா என்பது வேறு சங்கதி. கீழாநெல்லியைப் பறித்து, புளிய இலை போல இருக்கும் அந்தக் கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைக்காம்பு ஓரமாகக் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகக் கீழே தொங்கும். வாசலில் முளைத்த சின்ன இலைச் செடியெல்லாம் கீழாநெல்லி ஆகிவிடாது. சித்தா பிரிவில் இருந்தபோது ஒரு அம்மா கை நிறையக் கொண்டு வந்து காட்டினார். அதில் பாதி அம்மான் பச்சரிசி! ஒடித்ததும் பால் வந்தது, அவருக்கே சிரிப்பு.

உப்பும் எண்ணெயும் அடியோடு நிறுத்தி வயசுப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். பசி இல்லாதபோது இட்லி, கஞ்சி, மோர்சாதம். பசி திரும்பியதும் வழக்கமான சாப்பாடு. காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமாலைத் தானாக விழுங்கக் கூடாது, அது ஈரலுக்குச் சுமை. பிள்ளை தூங்கி வழிந்தாலோ, பேச்சு உளறினாலோ, ஈறில் ரத்தம் வந்தாலோ, மலம் வெள்ளையாகிச் சொறிச்சல் எடுத்தாலோ, கெண்டைக்கால் வலியோடு கண் சிவந்தாலோ, ராத்திரி எத்தனை மணி என்று பார்க்க வேண்டாம், உடனே கூட்டிக்கொண்டு போங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

பஸ் நடத்துநராக இருக்கிறேன். மூன்று வாரமாக இருமல். ஆடாதோடை இலையும் அதிமதுரமும் போட்டுக் கஷாயம் குடித்து வருகிறேன். குறைந்த மாதிரி இருந்து திரும்பவும் வருகிறது. இன்னும் எத்தனை நாள் குடிக்கலாம்? – நத்தம்

எத்தனை நாள் என்று கேட்ட புண்ணியவான் நீங்கள்தான் போலிருக்கிறது. முதல் பத்தியில் நான் எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதம் அடியில் கிடந்திருக்கிறது.

ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்பார்கள். பாடாத நாவும் ஆடாதோடையால் பாடும் என்றொரு சொலவடையும் உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற சத்தைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் மருந்துக் கடையில் சளியைக் கரைக்க விற்கும் புரோம்ஹெக்சினை உண்டாக்கினார்கள். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த இலையில் குற்றமில்லை. ஆனால் இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு அடுத்த மருந்து சளிப் பரிசோதனை. நாள் முழுக்க நெரிசலில் நிற்கிற வேலை உங்களுடையது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். காசநோயாக இருந்தால் மருந்தும் இலவசம், பொதுவாக ஆறு மாதத்தில் குணமாகிவிடும். இல்லை என்று வந்தால் நிம்மதி. சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போவது, இதில் எது இருந்தாலும் நாளைக்கே விடுப்புப் போடுங்கள்.

அதிமதுரத்தைப் பற்றி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. என் அக்காவுக்குத் தொண்டை கரகரப்பு. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதால் வந்தது. "ரெண்டு துண்டு வாயில் அடக்கிக்கோ" என்று கொடுத்தவள் நான்தான். இனிப்பாக இருக்கவே அது பழக்கமாகி, பொடியாகவும் பாலில் போட்டுக் குடிக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் நாள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இரண்டரை மாதம் கழித்துக் கால் வீங்கி, ரத்த அழுத்தம் 180-க்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ பரிசோதனை. கடைசியில் ஒரு சின்னப் பெண் டாக்டர்தான், "வீட்டில் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா பாட்டி" என்று கேட்டு, பையிலிருந்த டப்பாவைப் பிடித்தாள். அதிமதுரத்தில் இருக்கும் இனிப்புப் பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். நிறுத்திய மூன்று வாரத்தில் அழுத்தம் இறங்கியது. அக்கா இன்னமும் என்னைப் 'பெரிய மருந்தாளுநர்' என்றுதான் கூப்பிடுகிறாள். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் அதிமதுரத்தை இன்றோடு விடுங்கள். இல்லை என்றாலும் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம்.

தினமும் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறேன். ஒரு நாள் கசந்தது. கசப்பு நல்லதுதானே? – திருமங்கலம்

துப்பிவிடுங்கள். பாகற்காயின் கசப்பு வேறு, சுரைக்காயில் வரும் கசப்பு வேறு. பின்னது விஷம். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அரைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பையில் போட வேண்டியதுதான். கூட்டு வைத்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

சிறுநீரகத்தில் 4 மில்லிமீட்டர் கல். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம் குடிக்கலாமா? – லாரி ஓட்டுநர், திண்டுக்கல்

நாலு மில்லிமீட்டர் பெரும்பாலும் தானாகவே கீழே இறங்கிவிடும். அதற்குத் தேவை தண்ணீர். லாரிக்காரர்களுக்குக் கல் வருவது ஏன் என்று எனக்குத் தெரியும். வண்டியை நிறுத்த இடம் இருக்காது, அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பீர்கள். எஞ்சின் சூட்டில் வியர்வையாகப் போனது போக மிச்சம் சிறுநீர் கட்டியாகி, மஞ்சளாக எரிச்சலோடு வரும். சிறுநீர் வைக்கோல் நிறத்துக்கும் வெளுத்து வரும் வரை குடியுங்கள். கணக்கு வேண்டும் என்றால் நாளுக்கு மூன்று லிட்டர், வெயில் காலத்தில் இன்னும் கூட.

சிறுபீளை பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அந்த வெள்ளைப் பூச்செடிதான். ஒரு கைப்பிடி சமூலத்தை, அதாவது வேரோடு முழுச் செடியை, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக்கி, ஏழு நாள் குடித்துப் பார்க்கலாம். வாழைத்தண்டை நான் சாறாகச் சொல்லமாட்டேன், பொரியலாகச் சொல்வேன், வாரம் இரண்டு நாள். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது, பொட்டாசியம் அதிகம். கல் வலியோடு குளிர் காய்ச்சல் வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைத்த இடத்தில் சீழ் பிடித்தால் ஒரே ராத்திரியில் காரியம் கெட்டுவிடும்.

எங்களுக்கெல்லாம் சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? – கல்லூரி மாணவி, காரைக்குடி

நல்ல கேள்வி தாயி. அடுப்படி மேல்தட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஆறு இருக்கின்றன. ஓமம், மேல்தோல் சீவிய சுக்கு, மிளகு, கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல், மஞ்சள் கிழங்கு, திப்பிலி. சுக்குக்குப் புறத்தில் நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தில் நஞ்சு என்று அப்பா சொல்வார். அதனால் சுக்கில் தோலும் கடுக்காயில் கொட்டையும் போய்த்தான் பாட்டிலுக்குள் வரும். வயிறு மந்தமென்றால் திரிகடி அளவு ஓமம், அதாவது கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றின் நுனியில் எடுக்கும் அளவு. வறுத்து உப்போடு மென்றுவிட்டு வெந்நீர் குடிப்பேன். ஐந்து விரலும் சேர்த்து அள்ளினால் அது வெருகடி. வெருகு என்றால் காட்டுப்பூனை, அதன் பாதம் மாதிரி விரல்களைக் குவித்து எடுப்பது. அந்த அளவில் ஓமம் தின்றால் நெஞ்சு எரியும், செய்து பார்த்திருக்கிறேன்.

பக்கத்திலேயே ஓஆர்எஸ் பொட்டலம் நாலு, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர், என் ரத்த அழுத்த மாத்திரை அட்டை. ஆமாம், எனக்கும் இருக்கிறது, தினமும் காலையில் ஒன்று. எல்லாப் பாட்டிலிலும் வாங்கிய தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்ததில் திப்பிலி பாட்டில் போன ஆடிக்கு வாங்கியது, வண்டு வைத்திருக்கிறது. தம்பியிடம் சொல்லி 50 கிராம் வாங்க வேண்டும்.